வெயிலில் இடித்த இடி

யதுர்ஷிகாவைப் பொலிஸ் கொண்டுபோக இன்னும் ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் மிச்சம் இருந்தது. அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்கவேண்டும், நடுவில் நாங்களும் ஒரு வாய் சாப்பிடவேண்டும் என்று நான் சொன்னேன். விமலேஸ்வரி அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. ஆற்றங்கரைப் பண்ணையாளர் சங்கத்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் திணித்தார். வவுனியாவிலிருந்து செட்டிகுளம் வரைக்கும் பின்னால் குந்தியிருந்து வந்ததில் என் முதுகு போய்விட்டது. துப்பறியும் நிறுவனம் என்று பெரிய பலகை போட்டிருக்கிறோம். உள்ளே ஆள் இரண்டு, வாகனம் ஒன்று. மூளை அக்காவுடையது, வாய் என்னுடையது. என் பெயர் றிஃபாத்.

எங்களைக் கூப்பிட்டது யதுர்ஷிகாதான். ஆற்றங்கரையில் மாடு வளர்ப்பவர்களுக்காகச் சங்கத்தில் ஒரு சேவை வைத்திருக்கிறார்கள், ‘தூது’ என்று பெயர். பட்டிக்காரர் போனில் ஒரு செய்தி அனுப்பினால் போதும். மாட்டுக்கு வருத்தம் என்றால் அது மிருக வைத்தியருக்குப் போகும். ஆற்றில் களவாக மண் அள்ளுகிறார்கள் என்றால் பொலிசுக்குப் போகும். எது யாருக்குப் போகவேண்டும் என்று பார்த்துத் திருப்பிவிடுகிற அந்த மென்பொருளைக் கட்டியவள் யதுர்ஷிகா. கடவுச்சொல் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

போன கிழமை மயில்வாகனம் என்ற பட்டிக்காரர், ஆற்றுக்குள் மண் அள்ள ரக்ரர் இறங்கியிருக்கிறது என்று தூதுக்குச் செய்தி அனுப்பினார். பொலிசுக்கு அந்தச் செய்தி வரவேயில்லை. மண் அள்ளுகிறவர்களுக்குத்தான் போயிருக்கிறது. அவர்கள் அவருடைய மாட்டுப் பட்டிக்கே வந்து, சொன்ன வாய் எது என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். மனிதர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஆற்றங்கரையில் ஒருவரும் தூதுக்கு ஒரு வரி அனுப்பவில்லை.

சங்கத் தலைவர் செந்தூரன் பொலிசில் முறைப்பாடு கொடுத்துவிட்டார். சார்ஜன் ஜெமீல் மத்தியானம் திரும்ப வந்து எல்லோர் முன்னிலையிலும் தூது ஓடுகிற மிசினைத் திறந்து பார்ப்பார். உள்ளே பொலிஸ் நம்பர் மாறியிருந்தால் யதுர்ஷிகா ஜீப்பில் ஏறவேண்டும். மறியலில் கம்பி எண்ணுவது ஒருபக்கம் கிடக்கட்டும். வன்னியில் ஒரு பிள்ளைக்குக் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் விழுந்தால் அதைக் கழுவ எந்தக் கோட்டுத் தீர்ப்பாலும் முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

உள்ளே போனபோது அவளுக்குப் பக்கத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண் இருந்தாள். தேனுகா, சங்கத்தில் எழுதுவினைஞர். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒன்றாக வேலைக்கு வந்து, ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறவர்கள். யதுர்ஷிகா சாப்பிடவில்லை என்று அவள் சோற்றைக் குழைத்து வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள். குசினியில் மீனம்மா தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கந்தோரைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றுகிறவர் அவர். தலைவர் செந்தூரன் மேசையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மிசின் இருக்கும் அறையின் பூட்டுத் திறப்பு அவருடைய இடுப்பில் தொங்கியது. முறைப்பாடு கொடுத்த நாளிலிருந்து ஒருவரையும் அதற்குக் கிட்ட அவர் விடவில்லையாம்.

அக்கா திறப்பைக் கேட்டார். தலைவர் முறைத்தார். பொலிசுக்கு முதல் துப்பறிகிறவர்கள் பார்க்கிற சட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அக்கா நின்ற இடத்திலேயே சார்ஜனுக்குப் போன் எடுத்து, தலைவரின் காதிலேயே வைத்தார். திறப்பு வந்தது. தான் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும்தான் நேரம் என்றார் தலைவர். நல்லவேளையாகப் பார்சல் பெரியது.

சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு மிசின். பற்றரி எப்போதோ செத்துவிட்டதாம், நேரே சுவர்ப் பிளக்கில்தான் ஓடுகிறது. யதுர்ஷிகா தன் லப்டொப்பை அதில் கொழுவி உள்ளே பார்த்தாள். பார்த்ததும் கதிரையில் சாய்ந்துவிட்டாள். பொலிஸ் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ நம்பர் இருந்தது. நான் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

தூது ஒரு கொன்ரெய்னருக்குள் ஓடுகிறது என்றாள். கொன்ரெய்னர் என்றால் துறைமுகத்தில் அடுக்கியிருக்கிற இரும்புப் பெட்டியல்லவா, அது எப்படி இந்தச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போனது என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

“வீட்டுத்திட்டத்துக்குச் சீமெந்துக் கல் அரிஞ்சதைப் பாத்திருப்பியள்தானே, அண்ணா. அச்சு ஒண்டுதான், கல்லு எத்தினையும் அரியலாம். நான் கட்டினது அச்சு. இப்ப இதுக்குள்ள ஓடுறது அதில அரிஞ்ச ஒரு கல்லு. கரண்ட் போய் வந்தால், பழைய கல்லை எறிஞ்சுபோட்டு அச்சிலயிருந்து புதுசு ஒண்டு எடுக்கும். இடி நாளில ஆக்கள் சும்மா சும்மா பிளக்கைப் பிடுங்கிறவை. அதால இது குழம்பாமல் இருக்கத்தான் அப்பிடி வைச்சனான்.”

“நம்பர் மாறிக் கிடக்கிறது கல்லிலயோ, அச்சிலயோ?” என்று அக்கா கேட்டார்.

“கல்லில, அக்கா. அச்சு சுத்தமாத்தான் இருக்கு.”

அக்கா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அப்படி நின்றால் நான் வாயை மூடிவிடுவேன். வருடத்தில் நான் வாயை மூடுகிற நேரம் அது ஒன்றுதான்.

“அச்சைக் கையில வைச்சிருக்கிறவள் ஏன் கல்லில கீறுறாள்?” என்றார்.

எனக்கு விளங்கக் கொஞ்சம் சுணங்கியது. யதுர்ஷிகா களவு செய்ய நினைத்திருந்தால் அச்சிலேயே ஒருதரம் மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பாள். கல்லில் கீறினால் ஒவ்வொரு இடிக்கும் அது அழிந்துபோகும், ஒவ்வொரு முறையும் திரும்பக் கீறவேண்டும். இது அச்சு இல்லாத ஆளின் வேலை. கடவுச்சொல் தெரிந்த, இந்த அறைக்குள் வந்துபோகிற ஆள். கடவுச்சொல்லை ஒருவருக்கும் சொல்லவில்லை என்று யதுர்ஷிகா சத்தியம் செய்தாள். அவள் தட்டும்போது யாரோ பக்கத்தில் நின்று பார்த்திருக்கவேண்டும் என்றார் அக்கா.

தலைவர்தான் என்று நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். அவருக்குச் சொந்தமாக இரண்டு ரக்ரர் வாசலில் நின்றது. முறைப்பும் சரியாக இருந்தது. அக்கா அதைக் காதில் போடவில்லை.

“இந்தக் கதை பொலிசுக்குக் காணாது, றிஃபாத். வேணுமெண்டு கல்லில கீறியிருக்கலாம்தானே எண்டு கேப்பினம். கீறின ஆளே வாயால சொல்லோணும். இப்ப அந்த ஆளுக்கு அவசரமா என்ன வேணும்?”

“கோட்டில வாதாட நல்ல அப்புக்காத்து ஒருத்தர்,” என்றேன்.

“இல்லை. ஒரு இடி.”

அது உண்மைதான். கீறினவருக்கு இப்போது அந்தக் கீறல் அழியவேண்டும். பிளக்கைப் பிடுங்கிக் கொழுவினால் போதும், ஆனால் தொடக்கூடாது என்று தலைவர் சட்டம் போட்டிருக்கிறார். அந்தச் சட்டத்தையும் மீறிப் பிடுங்கலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்றால் அது இடிக்கு மட்டும்தான். எங்கள் பக்கத்தில் இடி கேட்டால் பெற்ற பிள்ளையைத் தேடுவதற்கு முதல் பிளக்கைத் தேடுவார்கள். ஓடாத ரேடியோவின் பிளக்கையும் பிடுங்குவார்கள். ஆனால் அந்தக் கிழமை முழுக்க வானம் காய்ந்துபோய்க் கிடந்தது.

பிறகு அக்கா யதுர்ஷிகாவிடம் ஒரு வேலை சொன்னார். இப்போது இருக்கும் கீறலை ஆதாரத்துக்கு அப்படியே பிரதி எடுத்துத் தரவேண்டும். அதன் பிறகு, அந்தக் கள்ள நம்பரை அச்சிலேயே பதித்துப் புதிதாகக் கட்டவேண்டும். பிளக்கைப் பிடுங்கினாலும் அது போகக்கூடாது.

“பொறி பிழைச்சால், என்ரை கையாலயே எனக்கு விலங்கு போட்ட மாதிரி, அக்கா,” என்றாள்.

“ஓம். பயமெண்டால் இப்பவே சொல்லு. வேற வழி பாப்பம்.”

வேறு வழி இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அவள் தாவணித் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு லப்டொப்பை இழுத்தாள். முதலில் பிரதி எடுத்துப் பென் டிரைவை அக்காவிடம் கொடுத்தாள். பிறகு கட்டத் தொடங்கினாள். திரையில் வரிகள் மேலே மேலே ஏறின. பாதி வழியில் நின்றது. ஏதோ ஒரு துண்டை இன்ரநெற்றிலிருந்து எடுக்கவேண்டுமாம். செட்டிகுளத்தில் அந்த மூலையில் சிக்னல் வருவதும் மாப்பிள்ளை வீட்டார் பதில் வருவதும் ஒன்று. நான் கதிரையில் ஏறி, என் போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை விறைத்தது. வரி ஒன்று நகர்ந்தது, பிறகு சிவப்பாக ஏதோ வந்தது. அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள். திருத்தித் திரும்பவும் முதலிலிருந்து கட்டினாள். வெளியில் தலைவர் கதிரையைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. குழாயடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கையைக் கழுவுகிறவர் வாயையும் கொப்பளிக்கட்டும் என்று நான் அல்லாஹ்விடம் கேட்டேன். கடைசி வரி ஏறியதும் அவள் வயரைக் கழற்றினாள். தலைவர் வாசலில் வந்து நின்றார்.

அக்கா திறப்பை அவரிடம் கொடுக்கவில்லை. மறந்ததுபோல் கதவிலேயே விட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்து, குசினிக்கும் கேட்கிற குரலில் கதைத்தார். சார்ஜன் பொலிசிலிருந்து வெளிக்கிட்டுவிட்டார். மிசின் ஓடினபடி இருக்கவேண்டும், ஒருவரும் தொடக்கூடாது. உள்ளே நம்பர் மாறிக் கிடந்தால் பிள்ளை இன்றைக்கு உள்ளே போவாள். ஒன்றும் மாறியிருக்காவிட்டால் வழக்கே இல்லை, வீட்டுக்குப் போகலாம். அவ்வளவையும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டு உட்கார்ந்தார். நான் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனேன்.

பின்னால் தகரக் கொட்டில் ஒன்று இருந்தது. உள்ளே வெறும் பீப்பாக்கள், கழற்றிப் போட்ட பழைய கூரைத் தகரம். பெரிய பீப்பா ஒன்றைச் சரித்து, தகரங்களின் மேல் உருட்டிவிட்டேன். சத்தியமாக நானே பயந்துபோனேன். வேலிக்கரையில் நின்ற ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. திரும்பவும் உருட்டினேன். படித்து முடித்து, வீட்டில் அவ்வளவு செலவு செய்து, கடைசியில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் இடி இடிப்பது.

வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தபோது தலைவர் இருந்த இடத்திலேயே இருந்து பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். எவனோ ரக்ரரிலிருந்து கல்லுப் பறிக்கிறான் என்று யாருக்கோ சொன்னார். மீனம்மா குசினி வாசலில் நின்று வெட்டை வெளியாகக் கிடந்த வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பப் போனார். தண்ணீர் கொதிக்கிற கேத்திலின் பிளக்கைக்கூட அவர் தொடவில்லை. இடிக்கு இந்தக் கந்தோர்ப் பிளக்குகளை வருடக்கணக்காகப் பிடுங்குகிற மனுசி அவர்தான். யதுர்ஷிகா தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். அவளுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது.

மிசின் அறைக் கதவைத் திறந்துகொண்டு தேனுகா வெளியே வந்தாள். இடி இடிக்கிறது, மிசின் பழுதாகிவிடும், அதுதான் பிடுங்கிவிட்டுத் திரும்பக் கொழுவினேன் என்றாள். தலைவர் சத்தம் போட்டார். அக்கா தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். நான் தலைவரில் பந்தயம் கட்டியிருந்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்தபோது தோற்றது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

சார்ஜன் ஜெமீல் வந்தார். எல்லோரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கி நின்றோம். முன்னுக்கு நின்றவள் தேனுகா.

“வடிவாப் பாருங்கோ, சேர். ஒண்டும் மாறியிருக்காது. அவள் அப்பிடிப்பட்டவள் இல்லை,” என்றாள். அவள் குரலில் உண்மையான சந்தோசம் இருந்தது.

யதுர்ஷிகா திறந்து காட்டினாள். கள்ள நம்பர் அதே இடத்தில் இருந்தது.

“இல்லை, இருக்கேலாது. இப்பதானே…” என்று தொடங்கிய தேனுகா அப்படியே நின்றாள்.

“இப்பதானே?” என்று அக்கா கேட்டார்.

அவள் கண் பிளக்குக்குப் போனது. அக்கா விடவில்லை.

“பிடுங்கிக் கொழுவினால் அழிஞ்சுபோகும் எண்டு உமக்கு என்னெண்டு தெரியும்? அது கல்லில கீறினது எண்டு கீறின ஆளுக்குத்தான் தெரியும். வெயிலுக்குள்ள கேட்ட இடியை இஞ்ச ஒருத்தரும் நம்பேல்லை. நீர் மட்டும் நம்பினீர். உமக்கு அது தேவைப்பட்டது.”

பென் டிரைவ் அக்காவின் கையிலிருந்து சார்ஜனின் கைக்குப் போனது. அவர் ஜீப்பில் வந்துகொண்டிருந்தபோதே அக்கா அவருக்கு எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தார். தேனுகா நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். அவளுடைய தம்பி ரூபன் மண் ரக்ரர் ஓட்டுகிறானாம். அவன் பிடிபட்டுவிடக்கூடாது என்றுதான் நம்பரை மாற்றினாளாம். செய்தி வந்தால் ரக்ரரைத் திருப்பிக்கொண்டு ஓடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தாளாம். அனுப்பியவரைத் தேடிப் போய் அடிப்பார்கள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லையாம்.

“அழிஞ்சால் உனக்கும் ஒண்டும் வராது எண்டுதான் பிடுங்கினனான், யது,” என்றாள்.

யதுர்ஷிகா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் மிசினிலிருந்து டிங் என்று ஒரு சத்தம் வந்தது. திரையில் புது வரி ஒன்று ஏறியது. யதுர்ஷிகா வாய்விட்டு வாசித்தாள். ஆற்றுக்குள் திரும்பவும் ரக்ரர் இறங்கியிருக்கிறது, நான் மயில்வாகனத்தின் மனுசி கமலாட்சி, பயமில்லை, என் பெயரையும் சொல்லுங்கோ என்று இருந்தது. புருசனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மாட்டைப் பார்க்க வந்த மனுசி. அதற்குக் கீழே, அந்தக் கள்ள நம்பருக்கு அனுப்பியாயிற்று, கிடைத்துவிட்டது என்று மிசின் காட்டியது. நிறுத்தி வைத்திருந்த போன் இப்போது வேலை செய்கிறது. நம்பரை அச்சில் பதிக்கச் சொன்னது நாங்கள்.

“இதை நான் யோசிக்கேல்லை,” என்றார் அக்கா. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன், போன செய்தி போனதுதான்.

கமலாட்சியின் போனுக்கு அடித்தோம். மணி போனது, எடுக்கவில்லை. பட்டியை நேற்று வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், எங்கே என்று சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு நீளம். ரக்ரர் எந்த இடத்தில் இறங்குகிறது என்று சார்ஜன் தேனுகாவிடம் கேட்டார். அவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சொன்னால் தம்பி போய்விடுவான்.

யதுர்ஷிகா அவளுக்கு முன்னால் குந்தினாள்.

“தேனு, அவங்களின்ரை கையில இப்ப அந்த மனுசியின்ரை பேர் இருக்கு.”

தேனுகா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“உடைஞ்ச பாலத்துக்கு மேல, பாலை மரம் நிக்கிற இறக்கம்,” என்றாள். “என்னையும் ஏத்துங்கோ, சேர். நான் நிண்டால் அவன் கை வைக்கமாட்டான்.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தலைவர் செந்தூரன் தன் ரக்ரர்க்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பின்னால் போனார். அந்த மனிதரைச் சந்தேகித்ததற்கு நான் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். யதுர்ஷிகா ஒரு வார்த்தை பேசாமல் லப்டொப்பைத் திறந்து, அச்சிலிருந்து அந்த நம்பரை எடுத்துவிட்டுப் பொலிஸ் நம்பரைப் போட்டுத் திரும்பக் கட்டினாள். அவள் கேட்காமலே நான் கதிரையில் ஏறிப் போனை வெளியே நீட்டினேன். அக்கா அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மீனம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை.

அங்கிருந்து சார்ஜன் போன் எடுத்தார். அக்கா சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். கமலாட்சியின் புதுப் பட்டி அந்த இறக்கத்துக்குப் பக்கத்தில்தானாம், ஜீப் போய்ச் சேர்ந்தபோது மண் அள்ளுகிறவர்கள் அதன் படலை வாசலில் நின்றார்களாம். கமலாட்சி காட்டுக் கத்தியோடு மாடுகளுக்கு முன்னால் நின்றாவாம். ஒரு கீறலும் இல்லை. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள், தலைவரின் ஆட்கள் துரத்துகிறார்கள். ரூபன் ஓடவில்லை. தமக்கை ஜீப்பிலிருந்து இறங்கியதைக் கண்டதும் கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டுவிட்டான். அவள் தானே போய் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றினாளாம்.

பிளக்கைத் திரும்பக் கொழுவியதும் புது அச்சிலிருந்து தூது ஓடத் தொடங்கியது. யதுர்ஷிகா நம்பரை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு லப்டொப்பை மூடினாள். அக்கா அவள் தலையில் கை வைத்தார். இனி உனக்கு ஒன்றும் இல்லை, பிள்ளை, ஒருவரும் ஒன்றும் சொல்ல ஏலாது, நாங்கள் கொண்டுபோய் விடுகிறோம், அறைக்குப் போய்ப் படு என்றார்.

அவள் பையை எடுத்துத் தோளில் போட்டாள். வாசல் வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

“அறைத் திறப்பு அவளிட்டைக் கிடக்கு, அக்கா,” என்றாள். “பொலிசுக்குப் போய் அவளிட்டைத்தான் கேட்டு வாங்கோணும்.”

அன்று முழுக்க அழாத பிள்ளை, அதைச் சொல்லிவிட்டு வாசற்படியில் குந்தியிருந்து அழத் தொடங்கினாள்.